மரச் சிறகும் மழைக்காலமும்

மஞ்சக்குட்டையில் மழைக்காலத்தைக் கழித்தவர்களுக்கு மரத்தின் சுபாவத்தைப் பற்றி யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. சேர்வராயன் மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் கதவு திறக்காது, திறந்தால் மூடாது. சென்ற முறை அங்கே தங்கியிருந்தபோது நானும் ஓர் அலமாரிக் கதவோடு கால் மணி நேரம் மல்லுக்கு நின்றேன். "இந்தக் கதவுக்குச் சிறகு முளைத்து, இதில் ஏறி நாம் ஆகாயத்தில் போவதானால் எப்படி இருக்கும்?" என்று அப்போது தோன்றியது.

இது வெறும் வேடிக்கையன்று, நேயர்களே! ஒரு காலத்தில் சிறு விமானங்கள் பலவற்றின் சிறகுகள் மரச் சட்டத்தின்மேல் சீலையைப் போர்த்துச் செய்யப்பட்டவைதாம். 1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாடா தபால் மூட்டையுடன் கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஓட்டி வந்த 'புஸ் மாத்' அந்த ஜாதியைச் சேர்ந்தது. அங்கிருந்து நெவில் வின்சென்ட் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னையில் கொண்டு வந்து சேர்த்தார். பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்த கம்பெனியின் கதை அந்தச் சீலைச் சிறகில்தான் தொடங்கிற்று.

இத்தகைய பழைய விமானங்களைச் சொந்தமாக வைத்துப் பறக்கும் ஆசைக்காரர்கள் இன்றும் உலகில் இருக்கிறார்கள். அதை வாங்குவது ஒரு நாள் செலவு. வைத்துக் காப்பதோ யானையைக் கட்டித் தீனி போடுவது போன்றது. மழையும் வெயிலும் படாத கொட்டகை முதலில் வேண்டும். சிறகின் சீலை மிருதங்கத் தோலைப் போல் விறைப்பாக நிற்க வேண்டும். அதற்காகப் பூசும் 'டோப்' என்னும் மெருகு நாளடைவில் வெடிக்கும்; சீலையும் நைந்துபோகும். அப்போது முழுவதையும் உரித்துப் புதிதாகப் போர்த்த வேண்டியதுதான். உரிக்கும்போதுதான் உள்ளே மரம் உளுத்திருக்கிறதா, பசை விட்டிருக்கிறதா என்பது தெரியவரும்.

அக்காலத்து விமானங்கள் பலவற்றை ஒட்டிய பசை, பாலிலிருந்து எடுத்த 'கேசீன்'. ஈரம் பட்டால் அதில் பூஞ்சணம் பிடிக்கும். வேறு பசைகள் வந்த பின்னும் கவலை தீரவில்லை. 1944-ல் 'மாஸ்கிட்டோ' என்ற மர யுத்த விமானங்கள் சில இந்தியாவில் பறக்கும்போதே முறிந்து விழுந்தன. அவ்விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்தி விசாரணை நடத்தினார்கள். நம் நாட்டுப் பருவநிலையின் பேரிலும், ஒட்டிய கைகளின் அஜாக்கிரதையின் பேரிலும் பழி சொல்லப்பட்டது.

'டைகர் மாத்', 'லெபர்ட் மாத்' முதலியவற்றின் எஞ்சினுக்கு 'ஜிப்ஸி மேஜர்' என்று பெயர். அதன் நான்கு சிலிண்டர்களும் தலைகீழாகத் தொங்குகின்றன. நின்றிருக்கும்போது எண்ணெய் கசிந்து சிலிண்டரில் தேங்கிவிடலாம். ஆகையால் ஸ்விட்ச் மூடியிருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டு, சுழல்விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பார்கள். எங்கேனும் தடுத்தால் பலவந்தம் கூடாது. எண்ணெயை வடித்தாக வேண்டும். அவசரப்பட்டவனுக்கு எஞ்சின் உடையும். ஸ்விட்சை மறந்தவனுக்குக் கையே போகும்.

இவ்வளவும் செய்துவிட்டு, "எல்லாம் சரி" என்று சொந்தக்காரரே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. நம் நாட்டுச் சட்டப்படி, லைசென்ஸ் பெற்ற எஞ்சினீயர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். ஆசை கண்ணை மறைக்கும்; விரிசல் தெரிந்தாலும் "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும். ஆசையில்லாத கண் ஒன்று வேண்டும் என்பதே அந்தக் கையெழுத்தின் தாத்பரியம்.

இத்தனை சிரமம் எதற்கு, கண்ணாடிக் கூண்டில் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். 1982-ஆம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி அதற்குப் பதில் கிடைத்தது. ஐம்பது வருஷத்துக்கு முந்திய பிரயாணத்தை நினைவுகூர்ந்து, எழுபத்தெட்டு வயது டாடா, பழைய 'லெபர்ட் மாத்' ஒன்றில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தன்னந்தனியாகப் பறந்து வந்தார். தைரியத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள், புகழ வேண்டியதுதான். ஆனால் அந்த வயதான விமானத்தின் ஒவ்வொரு மூட்டையும் தட்டிப் பார்த்துப் பறக்கத் தகுதியாக்கிய மெக்கானிக்குகளின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களை நம்பித்தானே அவர் அவ்வளவு தூரம் வந்தார்!

மஞ்சக்குட்டைக் கதவை மறுநாள் ஒரு தச்சர் வந்து பார்த்தார். இழைப்புளியைக் கையில் எடுக்குமுன் சட்டத்தை விரலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "மேலே குறையில்லை, ஐயா, அடியில் உளுத்திருக்கிறது" என்றார். நான் கால் மணி நேரம் மல்லுக்கு நின்றதெல்லாம் மேல்பக்கத்தோடுதான்.