வீட்டுக்கு பெயிண்ட்: ஆள் வைப்பதா, நாமே அடிப்பதா?

பொங்கல் நெருங்கினாலே வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலை தொடங்கிவிடும். "கூலி எதுக்கு, நாமளே அடிச்சிடலாம்" என்று பலர் பிரஷ்சும் கையுமாக இறங்கி விடுகிறார்கள்.

கை எட்டும் உள்சுவர் என்றால் சரி, கூலி மிச்சம்தான். சாரம் கட்டி அடிக்கும் வெளிச்சுவருக்கு ஆள் வைப்பதே நல்லது. கட்டுமான தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்த பெயிண்டருக்கு விபத்து என்றால் உதவித்தொகை உண்டு. அட்டை இருக்கிறதா என்று கேட்டு வேலைக்கு வையுங்கள். நாம் விழுந்தால் ஆஸ்பத்திரி செலவு நம் தலையில்தான்.

பழைய பெயிண்டிலும் ஆபத்து இருக்கிறது. வீட்டு பெயிண்டில் ஈயத்துக்கு கட்டுப்பாடு அமலுக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னலை உப்புத்தாளால் காயவே தேய்த்தால் ஈயத்தூள் பறக்கலாம். அது குழந்தைகளின் மூளையை பாதிக்கும். யார் தேய்த்தாலும் தண்ணீர் நனைத்து தேய்க்கணும். பிள்ளைகளை அந்த பக்கமே விடக்கூடாது.