முதல் கும்பிடு காளிக்கு

திருவாலங்காட்டுக்கு வருகிறவர்கள் காளியைக் கும்பிட்ட பிறகே வடாரண்யேசுவரரான சிவனிடம் போக வேண்டும் என்பது ஊர் வழக்கம். சிவனோடு ஆடிய நடனப் போட்டியில் தோற்றவளுக்குத்தான் இங்கே முதல் மரியாதை. ஒருவர் ஆடியதை மற்றவர் ஆடிக் காட்ட வேண்டும். போட்டிக்கு இருந்த விதி அந்த ஒன்றுதான். கீழே விழுந்த காதணியைக் காலாலேயே எடுத்து, அதே காலைத் தலைக்கு மேல் தூக்கிக் காதில் மாட்டினார் சிவன். காளி ஆடத் தெரியாமல் நிற்கவில்லை, நாணம் தடுத்து நின்றாள். முன்கூட்டி யாரும் சொல்லாத இன்னொரு விதி அவளுக்கு மட்டும் இருந்திருக்கிறது.

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளிடம் ஒரு புது ஆட்டத்தைக் கொடுக்கலாம் என்று யோசித்தபோது இந்தக் கதைதான் முன்னால் வந்து நின்றது. நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பேச்சாலேயே கதையை நகர்த்தும் ஆட்டம் அது. அமெரிக்காவில் 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் மூன்று சிறு நூல்களாக வந்தது, பிறகு நூற்றுக்கணக்கான பக்கங்களாகப் பருத்தது. புதிதாக வருகிறவர் அந்தப் புத்தகத்தின் கனத்தைப் பார்த்தே எழுந்து போய்விடுவார்.

விதியைக் குறைக்கும் ஆசை அதைவிடப் பழையது. பிரஷ்யப் படை அதிகாரிகள் வரைபடத்தில் சிறு கட்டைகளை நகர்த்திப் போர் பழகிய ஆட்டத்துக்கு 1824இல் விதிநூல் வந்தது. அட்டவணையைப் புரட்டிப் புரட்டியே ஆட்டம் நொண்டியது. 1876இல் ஃபெர்டி து வெர்னுவா என்ற அதிகாரி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்று அட்டவணைகளைத் தள்ளி வைத்தார். எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி ஆடச் சின்னஞ்சிறு விதிகளோடு ஒரு நூல் எழுதினார். ஜான் ஹார்ப்பர் 2013இல் வெளியிட்ட 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' என்ற வேட ஆட்டத்தின் விதிகள் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும்.

நமக்கு அந்த ஒரு பக்கமும் வேண்டாம். பரணில் தாயக்கட்டை இருக்கும். ஒவ்வொரு கட்டையிலும் வெறும் பக்கம் ஒன்று, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழும். தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழ 6 வழி. இவை விழுந்தால் நினைத்தது நடக்கும். இரண்டு, மூன்று, நாலு விழ 10 வழி. அப்போதும் நடக்கும், கூடவே ஒரு வம்பும் வந்து சேரும். என்ன வம்பு என்று சொல்வது கட்டியங்காரன் வேலை. கூத்தில் வேடங்களை அழைத்து வந்து, கேள்வி கேட்டு, கதையை இழுத்துப் போகிறவன்தானே அவன். சண்டை வந்தால் நிறுத்தப் பொம்மைகளும் வேண்டும். வட தமிழ்நாட்டுப் பாரதக் கூத்தில் படுகளத்து மண்ணிலே துரியோதனனை ஆள் நடக்கும் அளவுக்குப் பெரிதாகப் படுக்க வைத்த நமக்கு, அவனைச் சுருக்கிப் பாயில் நிறுத்தத் தெரியாதா? கொலுவில் மூக்குடைந்து ஒதுக்கிய பொம்மை, மரப்பாச்சி, சோழி, புளியங்கொட்டை எல்லாம் படையில் சேரலாம். ஒரு தடவைக்கு ஒரு சாண் நகரலாம். துரத்தல் வந்தால் ஆடுபுலிக் கட்டத்தைச் சாக்கட்டியால் வரைந்துகொள்ளலாம். 3 புலி, 15 ஆடு.

முதல் கதை தேடியும் அலைய வேண்டாம், திருவாலங்காட்டுக்குப் பக்கத்திலேயே பழையனூர்க் கதை இருக்கிறது. கையில் கத்தியோடு ஒரு வணிகன். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன் என்று அழும் நீலிப் பேய். வழக்குக் கேட்கும் வேளாளர்கள். கத்தியை வாங்கி வைப்பதா, வேண்டாமா? இவனுக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து, விடிந்ததும் அவன் பிணமாகக் கிடந்ததைக் கண்டு தீயில் இறங்கினார்கள் 70 பேர். பிள்ளைகள் அந்தச் சபையில் உட்கார்ந்து வேறொரு தீர்ப்புச் சொல்லிப் பார்க்கட்டும். நீலியின் பக்கத்து நியாயத்தையும் யாராவது ஒருவர் பேசியாக வேண்டும், முற்பிறவியில் அவன் கையால் செத்தவள் அவள்.

இங்கேதான் நமக்கு ஒரு கவலை. எழுதிய விதி குறையும் இடத்தில் ஊர் வழக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாய் பெரிய பையனே எப்போதும் கட்டியங்காரன். பெண்பிள்ளைக்கு எப்போதும் காப்பாற்றப்படும் வேடம். ஒரு தெருப் பிள்ளை திண்ணைக்குக் கீழேயே நின்று வேடிக்கை பார்க்கும். தடித்த விதிப்புத்தகத்துக்கு நீ யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. அது அதன் நல்ல குணம். புத்தகத்தைத் தூக்கி வைத்தவர்கள் அந்தக் குணத்தைத் தாங்களே கொண்டுவர வேண்டும்.

ஆகவே கட்டை உருட்டும் முன் மூன்றை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். கட்டியங்காரன் இடம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். பிடிக்காத காட்சி வந்தால் யாரும் பாயில் கை வைத்து நிறுத்தலாம், காரணம் கேட்கக்கூடாது. சாதியும் உடம்பும் கேலிக்கு வராது.

தோற்றவருக்கு முதல் கும்பிடு வைத்த ஊர் நல்ல ஊர்தான். ஆனாலும் காளியிடம் யாராவது ஆட்டத்துக்கு முன்பே எல்லா விதியையும் சொல்லியிருக்கலாம்.