தூக்கத்துக்கு ஒரு டப்பாவா?

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களைப் பிரித்து அடுக்கினால், தலைமுடிப் பிரச்னைக்கு அடுத்தபடியாக உயரமாய் நிற்பது தூக்கமின்மைதான். "படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது, வந்தாலும் ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது, அப்புறம் மனசு படபடன்னு அடிச்சுக்குது" என்று எழுதாத வயதுக்காரர்களே இல்லை. கைக்குழந்தைக்காரியும் எழுதுகிறாள், பேரன் எடுத்தவரும் எழுதுகிறார்.

சமீப காலமாக அதே கடிதங்களில் இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. "வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பியிருக்கிறாள்", "செல்போனில் ஆர்டர் போட்டு வாங்கினேன்" என்று சொல்லி டிரிப்டோபேன், 5-ஹெச்.டி.பி., தியானின், கிளைசின், காபா என்று டப்பாக்களின் பெயரை எழுதி, "இதெல்லாம் அமினோ ஆசிட்தானாமே, சாப்பாட்டுச் சத்துதானே, கெடுதல் ஒன்றும் வராதே?" என்று கேட்கிறார்கள்.

என் படிப்பு பிளஸ் டூ வரைதான். டாக்டர்களிடம் கேட்டும், புத்தகங்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதை நம் பாஷையில் சொல்கிறேன். ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால் இதுதான்: சாப்பாட்டில் இருக்கும்போது அது சத்து, தனியே பிரித்து மாத்திரையாக்கி விழுங்கும்போது அதை மருந்து மாதிரி மதிக்க வேண்டும்.

அமினோ ஆசிட் என்றால் என்ன?

புரோட்டீனைப் பூமாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தொடுத்திருக்கும் ஒவ்வொரு பூவும் ஒரு அமினோ ஆசிட். மொத்தம் 20 வகைப் பூக்கள். நாம் சாப்பிடும் பருப்பு, பால், முட்டை, மீன் எல்லாவற்றிலும் உள்ள மாலையை வயிறும் குடலும் அவிழ்த்து உதிரிப் பூவாக்கி விடுகின்றன. உடம்பு அவற்றை எடுத்துத் தனக்கு வேண்டிய மாலையாகத் தொடுத்துக்கொள்கிறது. இந்த 20-ல் 9 வகையை நம் உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெதியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும். சாம்பார் சாதமும் பொங்கலும் இட்லியும் பண்ணி வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தான்!

தூக்கத்தோடு சம்பந்தப்பட்ட பூ டிரிப்டோபேன். இதை 1901-ல் இங்கிலாந்தில் ஹாப்கின்ஸ் என்ற விஞ்ஞானி, பாலில் உள்ள புரோட்டீனிலிருந்துதான் பிரித்தெடுத்தார். இதிலிருந்து உடம்பு செரட்டோனின் என்ற பொருளைத் தயாரிக்கிறது. மனசின் நிதானத்தில் அதற்குப் பங்கு உண்டு. இருட்டினதும் மூளையில் அந்த செரட்டோனினிலிருந்து மெலட்டோனின் உண்டாகிறது. "ராத்திரி ஆச்சு, படு" என்று உடம்புக்குச் சொல்வது அதுதான்.

அப்போ ராத்திரி பால் குடித்தால் போதுமே?

நல்ல கேள்வி. ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், சுமார் 80, 90 மில்லிகிராம் டிரிப்டோபேன் இருக்கும். ஆராய்ச்சிகளில் தூக்கத்துக்காகக் கொடுத்துப் பார்த்த அளவோ 1 கிராமும் அதற்கு மேலும். அத்தனையும் பாலிலிருந்தே வரவேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு டம்ளர் குடிக்க வேண்டும்! அப்புறம் தூக்கம் எங்கே, பாத்ரூமுக்கு நடக்கவே ராத்திரி சரியாகிவிடும்.

போதாக்குறைக்கு, மூளைக்குள் நுழைகிற வாசலில் கூட்டம் வேறு. டவுன் பஸ்ஸில் ஏறுகிற மாதிரி, டிரிப்டோபேனோடு இன்னும் சில அமினோ ஆசிட்களும் அதே படியில் முண்டியடிக்கின்றன. சாதம், இட்லி மாதிரி மாவுச்சத்து சாப்பிட்டால் இன்சுலின் சுரந்து மற்றவற்றைச் சதைப் பக்கம் அனுப்பி, டிரிப்டோபேனுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. கூடவே பருப்போ பாலோ நிறையச் சேர்ந்தால் அந்தச் சலுகையும் குறைந்துவிடும்.

இதனால் ராத்திரிப் பாலை நிறுத்த வேண்டாம். வெதுவெதுப்பாகக் குடிப்பதும், "பால் குடிச்சாச்சு, இனி படுக்கைதான்" என்ற பழக்கமும் உடம்பைத் தயார்படுத்துகின்றன.

எந்த டப்பாவில் என்ன?

*டிரிப்டோபேன்:* ஒரு கிராமும் அதற்கு மேலும் கொடுத்துப் பார்த்தபோது, சிலருக்கு நடுராத்திரியில் விழித்துக் கிடக்கும் நேரம் குறைந்தது. எல்லோருக்கும் அல்ல.

*5-ஹெச்.டி.பி.:* டிரிப்டோபேனுக்கும் செரட்டோனினுக்கும் நடுவில் உள்ள படி இது. ஆப்பிரிக்கச் செடி ஒன்றின் விதையிலிருந்து எடுக்கிறார்கள். செரட்டோனினுக்கு ஒரு படி கிட்டே இருப்பதால் ஜாக்கிரதையும் ஒரு படி கூட வேண்டும்.

*தியானின்:* தேயிலையில் இருப்பது. 1949-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். வழக்கமாக 200 மில்லிகிராம் மாத்திரையாக வருகிறது. சிறிய ஆராய்ச்சிகள் சிலவற்றில் படபடப்பைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. அதற்காக டீயைக் கூட்டினால், கூடவே காஃபீனும் வந்து இருக்கிற தூக்கத்தையும் விரட்டும்.

*கிளைசின்:* படுக்குமுன் 3 கிராம் கொடுத்து ஜப்பானில் சோதித்தார்கள். காலையில் அலுப்பு குறைந்ததாகச் சிலர் சொன்னார்கள். சோதித்தது கொஞ்சம் பேரைத்தான்.

*காபா:* மூளைக்குள் பிரேக் போடுகிற பொருள் இது. ஆனால் வாய் வழியாக விழுங்கும் காபா மூளைக்குள் போய்ச் சேருகிறதா என்பதே சந்தேகத்தில் இருக்கிறது.

ஆக, "அப்படியே அசந்து தூங்கிடுவே" என்று விளம்பரம் சொல்கிற அளவுக்கு எதிலும் சாட்சி இல்லை. கொஞ்சம் உதவலாம், உதவாமலும் போகலாம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு அல்லவா? எதிர்வீட்டம்மாவுக்குக் கேட்டது நமக்கும் கேட்கும் என்று நிச்சயமில்லை.

கெடுதல் வராதா?

1989-ல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். டிரிப்டோபேன் மாத்திரையைத் தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் கடையில் தாராளமாக வாங்கிச் சாப்பிட்டு வந்தார்கள். திடீரென்று ஆளாளுக்குத் தாங்க முடியாத சதைவலி; தோல் தடித்தது; ரத்தத்தில் ஒரு வகை வெள்ளணுக்கள் எகிறின. 1500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், 37 பேராவது இறந்துபோனார்கள். விசாரித்ததில் பெரும்பாலானோர் சாப்பிட்டது ஜப்பானில் ஒரே கம்பெனி தயாரித்த சரக்கு என்று தெரிந்தது. பாக்டீரியாவைப் புளிக்க வைத்துத்தான் இதைத் தயாரிக்கிறார்கள். அதைச் சுத்தப்படுத்தும்போது ஏதோ மாசு தங்கிவிட்டது என்பதே பலருடைய முடிவு. பல வருஷம் அங்கே அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு இருந்தது. 'இயற்கைச் சத்து' என்று ஒட்டியிருந்த லேபிள் ஒருவரையும் காப்பாற்றவில்லை.

இன்னொன்று எங்கள் தெருவிலேயே நடந்தது. ஐம்பது வயது அக்கா ஒருவர், மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தார். நன்றாகத் தேறியும் வந்தார். தூக்கம் மட்டும் சரியாகவில்லை என்று, சொந்தக்காரர் கொண்டுவந்த 5-ஹெச்.டி.பி.யையும் கூடவே போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் கை கால் நடுக்கம், உடம்பெல்லாம் வியர்வை, நெஞ்சு படபடப்பு, ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்பு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "வேற என்ன மருந்தும்மா சாப்பிடறீங்க?" என்று டாக்டர் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க" என்றார். பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது மருந்தே இல்லை, சத்து மாத்திரை! அவர் மருமகள் ஓடிப்போய் டப்பாவை எடுத்து வந்து காட்டிய பிறகுதான் டாக்டருக்கு விஷயம் பிடிபட்டது. இரண்டும் சேர்ந்து செரட்டோனினை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டதாம். இரண்டு நாள் அங்கேயே இருந்து நல்லபடியாக வீடு திரும்பினார். தாமதமாகியிருந்தால் ஜன்னியும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர்.

இவர்கள் தொடவே வேண்டாம்

1. எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டிரிப்டோபேன், 5-ஹெச்.டி.பி. பக்கமே போகக்கூடாது. ஒற்றைத் தலைவலிக்கு சுமட்ரிப்டான், வலிக்கு டிரமடால் எடுப்பவர்களும் அப்படியே.

2. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள். குழந்தைக்குக் கெடுதல் இல்லை என்று சொல்லப் போதுமான ஆராய்ச்சி இல்லை. குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம்.

3. ஏற்கெனவே தூக்க மாத்திரையோ ரத்தக் கொதிப்பு மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் எந்த டப்பாவையும் திறக்க வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம்: டப்பா வந்துவிட்டதே என்று டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். அதுவும் ஆபத்து.

முதலில் காரணத்தைத் தேடுங்கள்

கூரை ஒழுகுகிறதென்றால் கீழே பாத்திரம் வைத்துக்கொண்டே இருப்போமா? எந்த ஓடு உடைந்தது என்று பார்ப்போம். தூக்கமும் அப்படித்தான். சோகை இருக்கிறதா? இரும்புச்சத்து குறைந்தால் படுத்ததும் கால் குடைச்சல் வந்து தூங்க விடாது. தைராய்டு கூடியிருந்தால் படபடப்பும் தூக்கமின்மையும் சேர்ந்தே வரும். சர்க்கரை ஏறியிருந்தால் ராத்திரியில் பலமுறை எழுந்து போக வேண்டியிருக்கும். மாதவிடாய் நிற்கிற வயதில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்து விழிப்பு வரும். பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வந்தால் அது தனி வியாதி. சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இவற்றில் பாதி தெரிந்துவிடும். டப்பாவுக்குக் கொடுக்கும் காசை அதற்குக் கொடுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு காபி, டீயையும் நிறுத்திப் பாருங்கள். குடித்த காஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பிலேயே இருக்கும்.

புதிதாகத் தாயானவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குழந்தை அழுது தூக்கம் கெடுவது எல்லார் வீட்டிலும் உண்டு. ஆனால் குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை, 'நானே இல்லாமல் போனால் என்ன' என்று தோன்றுகிறது என்றால், அது உங்கள் குற்றமல்ல, பிரசவத்துக்குப் பின் வரும் வியாதி. சிகிச்சை உண்டு, குணமாகும். அம்மாவிடமோ கணவரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி-மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம். இந்த வீடுகளில் உள்ள மாமியார்மார்களே, "நாங்க பெறாத பிள்ளையா" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

மாத்திரை இல்லாத வழி

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகப் பழக்கங்களைத் திருத்தும் பயிற்சியைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் சொல்லியிருக்கிறது. அதில் நாம் வீட்டில் செய்யக்கூடியவை:

• எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

• படுக்கை தூங்க மட்டும்தான். பட்டாணி உரிப்பதும் செல்போன் பார்ப்பதும் அங்கே வேண்டாம்.

• இருபது நிமிஷம் ஆகியும் தூக்கம் வரவில்லையா? புரளாதீர்கள். எழுந்து போய் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள்.

• நாளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸ், கேஸ் சிலிண்டர், நாத்தனார் வீட்டு விசேஷம் என்று மனசில் ஓடுவதையெல்லாம் சாயங்காலமே நோட்டில் எழுதி மூடிவிடுங்கள்.

ஒரே ராத்திரியில் பலன் வராது. நாலு, ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

இதற்குப் பிறகும் வாங்குவதானால்

டாக்டரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். அவர் சரி என்றால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், குறைந்த அளவில் ஆரம்பியுங்கள். டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். தூங்கிய நேரம், எழுந்த நேரத்தைக் காலண்டரில் தினம் குறித்து வாருங்கள். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் காசு மிச்சம் என்று விட்டுவிடுங்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு, ஜுரம் வந்தால் டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக, எல்லோரும் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. மளிகைச் சீட்டு எழுதுகிற மாதிரி ஒரு தாளை எடுத்து, வீட்டில் ஒவ்வொருவரும் சாப்பிடும் மாத்திரை, சத்து மாத்திரை, பவுடர், லேகியம், கஷாயம் எல்லாவற்றையும் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் கையோடு கொண்டுபோங்கள்.

அடுத்த இதழில் கால் குடைச்சலைப் பற்றி விவரமாகப் பார்க்கலாம்.