திரையரங்கைக் கைவிட்டவர் யார்?

இணையவழிப் படம் காட்டும் ஓடிடி தளங்கள் வந்தபின் மக்கள் திரையரங்கை ஒதுக்கி, வீட்டிலேயே படம் பார்க்க விரும்புகின்றனர் என்ற கூற்று இன்று மறுப்பின்றி ஏற்கப்படுகிறது. பிளவக்கல் அணையை ஒட்டிய வத்திராயிருப்பு, கூமாபட்டி போன்ற ஊர்களை முன்னிறுத்திப் பார்த்தால், முதலில் அதன் காலக்கணக்கே இடறுகிறது. ஒற்றைப் புரொஜெக்டரில் சுருள் மாற்றுவதற்காகப் பலமுறை இடைவேளை விட்டு, மணலைக் குவித்து அமர்ந்த தரை டிக்கெட்டுக்காரர்களுக்குப் படம் காட்டிய டூரிங் டாக்கீஸ்கள், அதாவது தற்காலிக உரிமத்தில் இயங்கிய கீற்றுக் கொட்டகைகள், தமிழகச் சிற்றூர்களில் மறைந்தது ஓடிடிக்கு வெகுகாலம் முன்பே. 1993இல் தொடங்கிய சன் டிவிக்கும், 2006இல் அமைந்த அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் அருகிலிருந்த அரங்கு மூடப்பட்டபின் தொடரும் பழக்கத்தை விருப்பம் என்று பதிவுசெய்வது முறையன்று.

வீடுதான் வசதி என்பது அடுத்த வாதம். இராஜபாளையத்து நூற்பாலையில் ஷிப்ட் முடித்து வரும் மலையடிவார ஊர்க்காரர் இரண்டாம் ஆட்டம் பார்த்தால், நள்ளிரவுக்குமேல் ஊர் திரும்பச் சொந்த வண்டி வேண்டும். ஆகவே இங்கு முடிவுசெய்வது சோபாவின் சுகமன்று, பேருந்தின் நேரம்.

செலவைப் பற்றிய வாதத்தில் உண்மை உண்டு, ஆனால் அது ரசனையைப் பற்றிய உண்மையன்று. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோது 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதமும், அதற்குட்பட்டதற்கு 18 சதவீதமும் விதிக்கப்பட்டன. அதன்மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சுமத்தப்படவே, தமிழகத் திரையரங்குகள் ஜூலை 3 முதல் சில நாள்கள் மூடியே கிடந்தன.

வலுவான சான்று 'மாஸ்டர்' படம். பெருந்தொற்றின் நடுவே, பாதி இருக்கைகளுக்கே அனுமதி இருந்த 2021 ஜனவரி 13இல் அது வெளியானபோது கூட்டம் அரங்கைத் தேடியே வந்தது; பதினாறே நாள் கழித்து, ஜனவரி 29இல், படத்தை இணையத்தில் ஏற்றியது பார்வையாளர் அல்லர். அரங்க வெளியீட்டுக்கும் இணைய வெளியீட்டுக்கும் இடைப்பட்ட காலத்தைத் தயாரிப்பாளர்களும் தளங்களும் சுருக்கிவிட்டு, அதற்கேற்பக் காத்திருக்கப் பழகியவர்மீது பழி சுமத்துவது விந்தையே.

கைப்பேசித்திரை மக்களை வீட்டோடு முடக்கிவிட்டது என்போர்க்குப் பிளவக்கலே விடை சொல்லும்: 2025 ஜூனில் கூமாபட்டியைப் பற்றிய குறுங்காணொலிகளைக் கைப்பேசியில் பார்த்த வெளியூர்க்காரர்கள் இந்த அணையை நோக்கித் திரண்டு வந்தனர்.