சுற்றிவிட்டால் போதுமா?

தீபாவளி, புதுமனைப் புகுவிழா, ஆண்டிறுதி விருந்து என்று வந்துவிட்டால் ஈசூனில் எங்கள் புளோக் மின்தூக்கியில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். ஒரு கையில் பலகாரப் பை. இன்னொரு கையில் டிஷ்யூ தாளில் சுற்றி, கழுத்தில் ரிப்பன் கட்டிய நீளமான பொருள். உள்ளே இருப்பது ஒயின் போத்தல் என்பது மின்தூக்கியில் உள்ள அனைவருக்கும் தெரியும்.

பிறகு எதற்குச் சுற்றுகிறோம்? அதில் நன்மை இல்லாமலில்லை. மது அருந்தாத அண்டைவீட்டார் முன் அப்பட்டமாகத் தூக்கிச் செல்லாமல் இருப்பது ஒரு மரியாதை. பைக்குள் இரண்டு போத்தல்கள் உரசினாலும் லேபிள் கீறாது. வெளிச்சமும் ஓரளவு குறையும். ஒயினுக்கு வெளிச்சம் ஆகாது. புற ஊதாக் கதிரும் நீல ஒளியும் அதன் மணத்தைக் கெடுக்கும். 1876ல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டருக்காக உருவான ‘கிறிஸ்டல்’ ஷாம்பெய்ன், நிறமற்ற போத்தலில் வருவதால்தான் இன்றும் அதற்குப் பொன்னிற செலோஃபேன் உறை போடுகிறார்கள்.

ஆனால் மெல்லிய டிஷ்யூ தாள் அந்த உறைக்கு ஈடாகாது. கீழே விழுந்தால் போத்தலைக் காப்பாற்றவும் செய்யாது. குளிர்பதனப் பெட்டியில் அப்படியே வைத்தால் ஈரத்தில் ஊறி லேபிளோடு ஒட்டிக்கொள்ளும். சிவப்புத் தாளென்றால் சாயமும் இறங்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அது தரும் பொய்யான நிம்மதி. என் சித்தப்பாவுக்கு மகள் தன் முதல் சம்பளத்தில் ஒரு போத்தல் வாங்கித் தந்தாள். அவள் கல்யாணத்தன்று திறக்கலாம் என்று, சுற்றிய தாளைக்கூடப் பிரிக்காமல் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஆறு ஆண்டுகள் பத்திரப்படுத்தினார். அன்று பிரித்தபோது தாளில் பூஞ்சைப் புள்ளிகள், தக்கை பாதி வெளியே தள்ளியிருந்தது. ஒயின் புளித்துப்போயிருந்தது. சித்தப்பா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் எழுந்துபோனார்.

ஒயினை நெடுநாள் வைக்க ஏறக்குறைய 13 டிகிரி குளிர்ச்சி வேண்டும். நம் வீட்டு அலமாரியில் ஆண்டு முழுவதும் அதைவிட வெப்பம் மிக அதிகம். எந்தத் தாளும் வெப்பத்தைத் தடுக்காது. கடைகளில் கிடைக்கும் சாதாரண ஒயின்களில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் குடித்து முடிக்கவே தயாரிக்கப்படுபவை.

ஆகவே கொடுப்பவர்கள் தாராளமாகச் சுற்றிக் கொடுங்கள். தாளுக்குப் பதில் தேக்காவில் வாங்கிய ஒரு துணிப்பை என்றால் இன்னும் நல்லது. பிறகு காய்கறி வாங்கவாவது உதவும். ஆனால் அந்த வீட்டில் குடிப்பவர்கள் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பரிசுப் பொட்டலம் என்று நினைத்து யாராவது அதைச் சாமி மேடையில் பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம்.

வாங்குபவர்கள் அன்றே தாளைப் பிரித்துவிடுங்கள். பெரிய நாளுக்கென்று காத்திராமல், பிள்ளைகள் வீட்டுக்கு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் திறந்துவிடுங்கள்.