பழைய யந்திரமும் புதிய மோட்டாரும்

ஒரு பொருளிற் பழுதுற்ற பகுதி எது, பழுதுறாத பகுதி எது எனப் பகுத்தறியாது முழுவதையும் வீசியெறிதல் செல்வர்க்கும் தகாது. எம்போன்ற சிறு நாட்டினர்க்கோ அது கேடேயாம். கல்முனைக் கரையோரத்துத் தச்சுப் பட்டறைகளை முன்வைத்து இதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்களில் ஓடாவிமார் கதவும் நிலையும் கட்டிலும் அலுமாரியும் செய்து வாழ்கின்றனர். சீவுளி தள்ளிய கைக்குத் துணையாய் வந்தவை இழைப்பு யந்திரமும் வாள் யந்திரமுமாம். வார்ப்பிரும்பாலான அவற்றின் உடல் பல தலைமுறை நிற்பது. இங்கிலாந்தில் லெஸ்ரர் நகரத்து வாட்கின், றொச்டேல் நகரத்து றொபின்சன் முதலியோர் ஆக்கியவை எழுபது, எண்பது ஆண்டு கடந்தும் உலகின் பல பட்டறைகளில் உழைக்கின்றன.

மோட்டாரின் ஆயுளோ அத்தகையதன்று. செப்புக்கம்பிச் சுருளின் காப்பு வெப்பத்தாலும் மரத்தூளாலும் உப்புக் காற்றாலும் நலிகின்றது. 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் மிகுதியான உயிர்களை அம்பாறை மாவட்டத்திலேயே கவர்ந்தது. அவ்வாறு கடல்நீர் புகுந்த மோட்டாரின் சுருள் கெடும். வார்ப்பிரும்பையோ துருவகற்றி மீட்கலாம்.

புதிய யந்திரமே வாங்கலாகாதோ எனச் சிலர் வினவுவர். வாங்க வல்லார் வாங்குக. ஆயின் 2022 இல் நேர்ந்த அந்நியச் செலாவணி நெருக்கடியின்பின் இறக்குமதிப் பொருளின் விலை சிறுதொழிலாளர்க்கு எட்டாததாயிற்று. உடல் வெடித்த யந்திரத்தைக் கழிப்பதே முறை. உடல் நன்றாயின் மோட்டாரை மட்டும் மாற்றுக என்பதே எமது துணிபு.

எனினும் சந்தையிற் கிடைத்ததை மாட்டிவிடுதல் மாற்றமாகாது. முதலில் வேகத்தை நோக்குக. நிமிடத்திற்கு ஏறக்குறைய 1440 முறை சுழலும் மோட்டார் இருந்த இடத்தில் 2880 முறை சுழல்வதை அதே கப்பியுடன் பொருத்தினால், 4500 முறை சுழன்ற வெட்டுருளை 9000 முறை சுழலும். வேகம் இரட்டித்தால் அலகை வெளியே உந்தும் விசை நான்கு மடங்காகும்; அலகு பறந்தால் அருகில் நிற்பவன் கதி யாது?

அடுத்தது தண்டின் அளவு. பழைய கப்பியின் துளை ஒன்றேகால் அங்குலத்திற் குறைந்து 1⅛ அங்குலமாயின், அது 28.6 மில்லிமீற்றர். இன்றைய 3 குதிரைவலு மோட்டாரின் தண்டு பெரும்பாலும் 28 மில்லிமீற்றர். அவ்வரை மில்லிமீற்றர் இடைவெளியைத் தகரத்துண்டால் அடைத்தல் பெரும் பிழை. கடைசல் பட்டறையில் அளவான கப்பி கடைந்து பெறுக.

மூன்றாவது மின்சாரம். மும்முனை மோட்டாரை ஒருமுனை இணைப்புள்ள இடத்தில் நேரே ஓட்டலாகாது. ஒருமுனையை மும்முனையாக்கும் மின்னணுக் கருவிகள் இக்காலத்தில் உள. அவற்றிற்கேற்ற மோட்டாரையே தெரிதல் வேண்டும்.

யாவற்றினும் முதன்மையானது தொடக்கும் கருவி. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை யாரும் மறவார். வெறும் சுவிச்சுடன் இணைத்த யந்திரம், மின்சாரம் மீண்ட கணத்தே தானே ஓடத்தொடங்கும். அவ்வேளை அலகைத் துடைத்துக்கொண்டிருப்பவனின் விரல்கள் என்னாகும்? மின்சாரம் நின்றதும் விடுபட்டு, பொத்தானை மீள அழுத்தினாலன்றி ஓடாத ஸ்டார்ட்டரைப் பொருத்துதல் கட்டாயம். மோட்டாருக்குப் பணம் செலவிடுபவர் இதற்குச் செலவிடத் தயங்குவது எவ்வகைச் சிக்கனம்?

இவ்வறிவு அரிதன்று, ஆயின் உரிய இடத்தைச் சென்றடையவில்லை. கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) விஞ்ஞானம் பயின்று, தமிழிற் கலைச்சொல் ஆக்கும் பணிக்கும் தலைமை தாங்கினார். சொல்லை ஆக்கித் தந்தவர்க்கு நாம் செய்யும் கைம்மாறு, அச்சொல்லாற் பட்டறைக்குப் பயன் விளைவித்தலன்றோ? எம் பழைய மாணவருட் பொறியியலாளர் பலர் உளர். வேகம், தண்டு, மின்னிணைப்பு, ஸ்டார்ட்டர் ஆகிய நான்கையும் எளிய தமிழில் ஒரு தாளில் எழுதி அச்சிட்டு, கரையோரப் பட்டறைகள்தோறும் கொண்டுசென்று ஒட்டுவாராக. இவ்விழா ஆண்டில் சங்கம் ஆற்றத்தக்க பணிகளுள் இஃது ஒன்றென முன்மொழிகின்றோம். அதனால் ஓர் ஓடாவியின் ஒரு விரல் காக்கப்படினும் நாம் பெற்ற கல்வி வீண்போகாது.