பனியன் படம் ஏன் தாமதம்?

திருப்பூர் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் என் சிநேகிதி ஒருத்தி டிசைன் வேலை பார்க்கிறாள். குழந்தைகள் சட்டையில் அச்சிடும் பூவும் பொம்மையும் அவள் வரைபவைதாம். அண்மையில் அவளைப் பார்க்கப் போனேன். கண்கள் சிவந்திருந்தன.

"என்னைய மந்தம்னு சொல்லிப் போட்டாருங்க அக்கா, முதலாளி! ஃபோல்டர் தொறக்கவே அஞ்சு நிமிஷம் ஆகுது. நான் என்னங்க பண்றது?"

சாயங்காலத்துக்குள் வெளிநாட்டுப் பையருக்கு சாம்பிள் படம் போயாக வேண்டும். படங்களோ கணக்கர் அறையிலுள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரில். இவளுடையது மாக். முதலாளி ஒன்றரை லட்சத்தில் புது மாக் வாங்கப் போவதாகப் பேச்சு.

வாங்குமுன் சோதித்துப் பார்த்தால் என்ன? வைஃபையை விட்டுக் கம்பியைச் செருகினோம். ஒரு ஜிபி உள்ள ஒற்றை வீடியோவைப் பிரதி எடுத்தோம். சுமார் பத்து விநாடி. (ஒன்றரை நிமிஷம் ஆகியிருந்தால் பழைய கேபிளையோ, நூறு மெகாபிட் சுவிட்சையோ சந்தேகிக்கலாம்.) ஆகவே பாதை நல்ல பாதைதான். அதே பாதையில் ஆயிரக்கணக்கான சிறு படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் நத்தை!

கடைக்குப் பையனை அனுப்புகிறீர்கள். ஒரு சிப்பம் அரிசி என்றால் ஒரே நடை. கடுகுக்கு ஒரு தரம், மிளகுக்கு ஒரு தரம் என்று அனுப்பினால் பொழுது போய்விடாதா? மாக் செய்தது அதுதான்.

இத்தனைக்கும் இரண்டும் பேசுவது ஒரே பாஷை. 1983-இல் ஐ.பி.எம்.மில் பாரி ஃபைகன்பாம் வகுத்த எஸ்.எம்.பி. பிறகு அது மைக்ரோஸாஃப்டின் சொந்தப் பேச்சாயிற்று. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிஜெல் என்ற மாணவர், கம்பியில் போகும் செய்திகளைக் கவனித்தே இந்தப் பேச்சைப் பிடித்துக் கொண்டு, மற்ற யந்திரங்களுக்கும் கற்றுக் கொடுத்தார். எஸ், எம், பி எழுத்துக்கள் வரும் சொல்லை அகராதிப் பட்டியலில் தேடி அதற்கு 'சாம்பா' என்று பெயர் வைத்தாராம்! ஆப்பிளும் 2013-இல் மேவரிக்ஸ் பதிப்பு முதல் எஸ்.எம்.பி.யையே முதன்மையாக வைத்துக் கொண்டது.

பாஷை ஒன்றானாலும் பழக்கம் வேறு. ஃபோல்டரை எந்த ஒழுங்கில் காட்டுவது என்ற குறிப்புக் கோப்பை மாக் ஒவ்வொரு ஃபோல்டரிலும் தேடும். ஒவ்வொரு படத்தையும் எட்டிப் பார்த்துச் சிறு உருவம் தீட்டும். குறிப்பைப் படிக்காதே என்று சொல்ல டெர்மினலில் எழுத வேண்டிய ஒற்றை வரியை ஆப்பிளின் உதவிப் பக்கமே தருகிறது. எழுதி, லாக் அவுட் செய்து திரும்ப நுழைந்தோம். சிறு உருவங்களை நிறுத்தினோம். படங்களை சீஸன் வாரியாகப் பிரித்தோம்.

கணக்கர் இன்னொரு யோசனை சொன்னார். விண்டோஸ் 11 ப்ரோவின் 2024-ஆம் வருஷப் பதிப்பு, ஒவ்வொரு செய்திக்கும் கையொப்பம் கேட்கிறது. அதை நீக்கினால் இன்னும் வேகமாம். வேண்டவே வேண்டாம் என்றேன். முத்திரை இல்லாத கடிதத்தை வழியில் யார் திருத்தினார்களென்று எப்படித் தெரியும்?

ஃபோல்டர் பத்து எண்ணுவதற்குள் திறந்தது. ஐந்தரை மணிக்குப் படம் போயிற்று.

'மந்தம்' என்ற சொல்லை முதலாளி திரும்பப் பெறவில்லை. புது மாக் மட்டும் வேண்டாமென்று விட்டார். மிச்சமான பணத்தில் கொஞ்சம் தன் சம்பளத்தில் சேருமா என்று கேட்டு எழுதியிருக்கிறாள் சிநேகிதி.